காவிரிக்கரைப் பிள்ளையும் கடல் படிப்பும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பொருளாளர் பேசியது)



வரவு செலவு வாசிச்சாச்சு. அடுத்து ஒரு கோரிக்கை தீர்மானத்துக்கு வந்திருக்கு. நம்ம உறுப்பினர் ஒருத்தரோட மகள் கடல் உயிரியல் முதுகலை படிக்குது. கடற்பசுக்களை எப்படிப் பாதுகாக்கிறாங்கன்னு மூணு வாரம் நேர்ல பார்த்துப் படிக்க, ஆஸ்திரேலியாவுல ஒரு பல்கலைக்கழகம் கூப்பிட்டிருக்கு. தங்குற செலவு அவங்களோடது. விமான டிக்கெட், விசா, காப்பீடு எல்லாம் நாமதான் பார்த்துக்கணும். அந்தப் புள்ளையோட அப்பா நம்ம அணையில பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவர். அவங்களால ஒரே தடவையில புரட்ட முடியாத தொகை இது.

"மேட்டூர்ப் புள்ளைக்குக் கடல் எதுக்கு?"ன்னு சிலர் கேட்டாங்க. நம்ம அணையைத் தாண்டிப் போற காவிரி பூம்புகார்ல கடல்ல சேருது. நாம ஆத்துல வீசுற பிளாஸ்டிக் பையும் அந்த வழியாத்தான் போகும். அதுக்குத் தெக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரமா இருக்கிற பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமா நம்ம அரசு 2022ல அறிவிச்சது. இந்தியாவுலயே அதுதான் முதல். மீனவர்கள் ஆவுளியான்னு சொல்ற அந்த உயிர் கடற்புல்லை மேஞ்சு வாழுது. இறாலும் மீன்குஞ்சும் வளர்றதும் அந்தக் கடற்புல்லுலதான். புல் அழிஞ்சா ஆவுளியாவும் போகும், மீனவர் வலையும் காலியாகும். உலகத்துல கடற்பசு அதிகமா இருக்கிறது ஆஸ்திரேலியாவோட வடக்குக் கடல்ல. அங்க கத்துக்கிட்டு வந்தா இங்க உதவும்.

கடலைக் காக்கிறது படிச்சவங்க வேலை மட்டும் இல்லை. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துல கடற்பாசி எடுக்கிற லட்சுமி மூர்த்திங்கிற பெண்ணுக்கு, 2015ல அமெரிக்காவோட சீகாலஜி அமைப்பு 10,000 டாலர் விருது கொடுத்துச்சு. மாசத்துல 12 நாள் மட்டும் பாசி எடுக்கிறதுன்னு அங்க உள்ள பெண்கள் தங்களுக்குள்ளயே கட்டுப்பாடு வச்சுக்கிட்டாங்க. நம்மளை மாதிரி கூடி உக்காந்து முடிவெடுத்தவங்கதான்.

இன்னொரு கேள்வி இதைவிடப் பெரிசு. "என் பையன் பாலிடெக்னிக் ஃபீசுக்கு உள்கடன் வாங்கி வட்டி கட்டினேனே, இவங்களுக்கு மட்டும் சும்மாவா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம். பொதுநிதி நம்ம எல்லாரோட சேமிப்பு. அதுல இருந்து ஒத்த ரூபா எடுக்கக் கூடாது. அதனால செயற்குழு வைக்கிற யோசனை இதுதான்:

1. மத்திய அரசோட வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை முழுப் பட்டப்படிப்புக்குத்தான், இதுக்குக் கிடைக்காது. ஆனா கல்லூரியிலயும் கூப்பிட்ட பல்கலைக்கழகத்திலயும் பயண உதவி கேட்டு எழுதணும். மீதிக்குத்தான் நாம.

2. அழைப்புக் கடிதத்தைத் துறைத்தலைவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும். இடையில ஏஜென்ட் வந்து பணம் கட்டச் சொன்னா கட்டக் கூடாது.

3. இஷ்டப்பட்டவங்க மட்டும் கொடுக்கலாம். 12 பேர் உள்ள குழுவுல ஆளுக்கு 50 ரூபா போட்டா 600 ரூபா. 100 குழு சேர்ந்தா 60,000. யார் எவ்வளவுன்னு மேடையில வாசிக்க மாட்டோம். கொடுக்காதவங்க கடன் மனு ஒரு நாள்கூடத் தள்ளிப் போகாது.

4. தனி நோட்டு, தனி ரசீது. விசா கிடைக்கலைன்னா ரசீதுப்படி பணம் திரும்ப வரும்.

5. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின சொந்தக்காரங்க கொடுக்கிறதை நம்ம கணக்குல வாங்க வேண்டாம். அதுக்கு மத்திய அரசுப் பதிவு வேணும்.

திரும்பி வந்ததும் அந்தப் புள்ள டிக்கெட், ரசீதோட கணக்கு ஒப்படைக்கணும். நம்ம பிள்ளைங்களைக் கூட்டி உக்கார வச்சு, பார்த்ததைச் சொல்லிக் கொடுக்கணும். இதுக்கு அது சம்மதிச்சிருக்கு.

நாளைக்கு இன்னொரு உறுப்பினர் பிள்ளைக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்தாலும் இதே அஞ்சு விதிதான். பாலிடெக்னிக் படிச்ச அந்தத் தம்பிக்கு வந்தாலும் அப்படித்தான். அதனாலதான் ஒருத்தருக்காகன்னு இல்லாம, பொது விதியா இதைத் தீர்மானத்துல எழுதச் சொல்றேன்.

கேள்வி இருந்தா இப்பவே கேளுங்க. வெளியில போய்ப் பேச வேண்டாம். சம்மதம்னா கை தூக்குங்க.