நோயாளியின் சாட்சியம்

‘லூப்பஸ்’ என்பது லத்தீன் மொழியில் ஓநாயைக் குறிக்கும் சொல். முகத்தில் ஓநாய் கடித்ததுபோன்ற புண்களைக் கண்டு அந்நாளைய வைத்தியர்கள் இப்பெயரை இட்டார்களாம். பகைவரைத் தடுக்க வைத்த காவற்படை வீட்டாரையே தாக்கினால் எப்படியோ, அப்படி உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலையும் மூட்டுகளையும் சிறுநீரகத்தையும் தாக்குவது இந்நோய். இதற்கு ஆளாவோருள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பலருக்கு இளமையிலேயே தோன்றிவிடுகிறது. மாணவியரை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. எனக்கு இந்நோய் கண்டபோது நானும் கல்லூரி மாணவிதான்.

1948-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஹார்க்ரேவ்ஸ் என்பவரும் அவருடன் பணிபுரிந்தோரும், நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் விசித்திரமான ஓர் உயிரணுவைக் கண்டறிந்தனர். இந்நோயை ஆய்வுக்கூடத்தில் அடையாளம் காண அது வழிதிறந்தது. அச்சோதனை பின்னர் வழக்கொழிந்தது என்றாலும், பெரிய காரியந்தான். ஆயினும் ஆராய்ச்சியில் நோயாளியின் பங்கு, மஜ்ஜையையும் இரத்தத்தையும் கொடுத்துவிட்டு வாய்மூடி இருப்பதாகவே நெடுங்காலம் இருந்துவந்தது.

இதனால் நேர்வது யாது? ஒருநாள் வைத்தியர் என் பரிசோதனைத் தாள்களைப் புரட்டிப் பார்த்து, “எல்லாம் நன்றாக இருக்கிறது, அம்மா” என்று மகிழ்ந்தார். அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் அன்று காலையில், தலைவாரக் கையைத் தூக்க மாட்டாமல் சீப்பைக் கீழே வைத்துவிட்டு வந்தவள் நான். அதைக் குறித்துக்கொள்ள அந்தத் தாள்களில் இடமே இல்லை.

இங்கிலாந்தில் ஆராய்ச்சியாளர் சிலர் இதற்கு ஒரு வழி கண்டனர். நோயாளிகள் 30 பேரிடம் நிதானமாக உரையாடி, அவர்கள் கூறியவற்றிலிருந்தே வினாக்களை அமைத்தனர். ‘லூப்பஸ்-க்யூ-ஓ-எல்’ என்னும் பெயரோடு 2007-இல் வெளியான அத்தொகுதியில் 34 வினாக்கள் உள்ளன. வலியும் களைப்பும் அதில் இடம்பெற்றது வியப்பன்று. முன்கூட்டி ஒரு காரியத்தைத் திட்டமிட முடியாத தவிப்பு, பிறருக்குப் பாரமாகிவிட்டோமோ என்னும் எண்ணம், தன் தோற்றத்தைப் பற்றிய கூச்சம் ஆகியவையும் இடம்பெற்றன. எந்தப் பூதக்கண்ணாடியில் இவை தெரியும்?

லூப்பஸுக்கு உறவான முடக்குவாதத்திலும் இப்படியே நிகழ்ந்தது. 2002-இல் ஆஸ்திரேலியாவில் கூடிய நிபுணர் மாநாட்டுக்கு நோயாளிகள் 11 பேரை அழைத்தனர். அவர்கள் வற்புறுத்திச் சொன்னது களைப்பைப் பற்றி. வீங்கிய மூட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த நிபுணர்கள், சில ஆண்டுகளுக்குள் களைப்பையும் அளந்தறிய வேண்டும் என்று முடிவு செய்தனர்.

இத்தகைய வினாத்தாள் ஒன்றின் தமிழ் வடிவத்தோடு ஆராய்ச்சி மாணவி ஒருவர் எங்களிடம் வந்தார். ‘களைப்பு’ என்று எழுதியிருந்தார். நாள்முழுதும் நாற்று நட்டவருக்கு வருவது களைப்பு. உறங்கி எழுந்தால் தீர்ந்துபோகும். உறங்கி எழும்போதே உடலில் குடியிருப்பதை என்னவென்பது? என் அருகில் இருந்த அம்மையார் ‘அசதி’ என்றார். மற்றொருவர், “ஈரச் சாக்கை மேலே போட்டாற்போல் இருக்கும்” என்றார். மாணவி எழுதியதை அடித்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்தபடி மீண்டும் எழுதத் தொடங்கினார். ஆராய்ச்சித் துறைக்குச் செல்ல எண்ணும் மாணவர்கள் இப்படி அடித்தெழுதக் கூசவேண்டியதில்லை.

அடுத்த வினா, பிறருக்குப் பாரமாக இருப்பதாக எண்ணுகிறீர்களா என்பது. என் மாமியார் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். மருத்துவமனைக்கு என்னை அழைத்துவந்தவரும் அவரே. “ஒருபோதும் இல்லை” என்று விடை சொன்னேன். அதையே அந்த மாணவியும் குறித்துக்கொண்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த வாரம் அவரைத் தனியே கண்டு, அந்த விடையை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். உடன் வருவோரை வெளியே இருக்கச் செய்யும்படியும் கேட்டுக்கொண்டேன். அதன்பின் அவர் எங்களை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் அந்த வினாவைக் கேட்டார்.