பெயரிடுதல் என்னும் பொறுப்பு

திருச்சிற்றம்பலம்.



சித்திரைச் சதயமாகிய இன்று அப்பர் பெருமானின் குருபூசைத் திருநாள். பல பெயர் பெற்ற அப்பெருமானை நினைக்கும் இந்நாளில், பெயரிடுதலின் பொருளைச் சிறிது சிந்திப்போம்.

'பெயரன்' என்னும் சொல்லே 'பேரன்' என மருவிற்று. பாட்டனார் பெயரைத் தாங்குபவன் பெயரன். திருவெண்ணெய்நல்லூர் வழக்கில், முதிய வேதியராய் வந்த இறைவர் காட்டிய அடிமை ஓலையை எழுதிக் கொடுத்தவர் சுந்தரரின் பாட்டனார். அவர் பெயரும் ஆரூரன். பேரனார் பெயரும் ஆரூரன். பெயரோடு பாட்டனார் ஒப்பிய கடமையும் பேரனாரை வந்தடைந்தது. ஆகவே பெயர் என்பது அழைப்பதற்கு மட்டும் அமைந்த ஒலியன்று. அஃது ஒரு பொறுப்பு.

அப்பர் பெருமான் வரலாற்றைக் காண்க. திருவாமூரில் புகழனாரும் மாதினியாரும் தம் மகனாருக்கு மருணீக்கியார் எனப் பெயரிட்டனர். மருள் என்பது மயக்கம். மயக்கத்தை நீக்குக என்பது அப்பெயரில் அடங்கிய வேண்டுதல். சமண் சார்ந்த காலத்தில் அவர் தருமசேனர் எனப்பெற்றார். திருவதிகையில் சூலை நீங்கப் பதிகம் பாடியபொழுது, நாவுக்கரசு என்னும் பெயரை இறைவர் ஈந்தருளினார். சீகாழியில் ஆளுடைய பிள்ளையார் 'அப்பரே' என அழைத்தார். பெற்றோர் தந்தது வேண்டுதல். இறைவர் தந்தது தொண்டிற்குரிய சிறப்பு. பிள்ளையார் தந்தது அன்பு.

திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகளோ, நாவுக்கரசரைக் காணுமுன்னரே அவர்பால் பேரன்பு கொண்டார். தம் புதல்வரை மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என அழைத்தார். பசுவுக்கும் எருமைக்கும், வீட்டிலுள்ள அளவைக்கும் நிறைகோலுக்கும் அப்பெயரே. நாவுக்கரசின் பெயர் கொண்ட படியைக் குறைத்து அளக்க ஒருவனுக்குக் கை வருமோ? அப்பெயர் கொண்ட துலாக்கோலைச் சாய்த்துப் பிடிக்க மனம் துணியுமோ? பெரியோர் பெயரைச் சூட்டுவதன் பயன் இதுவே. அப்பெயர் நம்மைக் காவல் செய்யும்.

அவ்வூர்த் தண்ணீர்ப் பந்தரில் தம் பெயர் எழுதியிருக்கக் கண்ட அப்பர், அடிகளை அடைந்து, உம் பெயரை எழுதாமல் வேறொரு பெயரை எழுதியது ஏன் என வினவினார். வந்தவர் யாரென அறியாத அடிகள் வெகுண்டார். அப்பொழுதும் பெருமான் தம் பெயரைக் கூறினாரல்லர். சூலை தந்து இறைவர் ஆட்கொண்ட சிறியேன் என்றே கூறினார். பெயரைச் சுமந்தவர் அதனைத் தம் புகழாகக் கருதவில்லை என்பதை ஓர்க.

இனி, தாய்மார்கள் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. காரைக்காலில் தோன்றிய அம்மையாருக்குப் புனிதவதியார் என்பது பிள்ளைத் திருப்பெயர். மாங்கனி நிகழ்ச்சியால் அவர் பெருமையை உணர்ந்து பிரிந்த பரமதத்தன், பாண்டிநாட்டில் வேறு மணம் புரிந்து, தனக்குப் பிறந்த பெண்மகவுக்கு அப்பெயரையே வணக்கத்தோடு இட்டான். கோட்புலியாரின் புதல்வியரான சிங்கடியையும் வனப்பகையையும் தம் மக்களாக ஏற்ற சுந்தரர், தம் பதிகங்களில் தம்மைச் சிங்கடிக்குத் தந்தை, வனப்பகைக்குத் தந்தை எனக் கூறிக்கொண்டார். மகளின் பெயரால் தந்தை அறியப்படுதலைப் பெருமையாகக் கொண்ட நெறி நம்முடையது.

அத்தகைய நாட்டில், பெண்மகவுக்குப் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயரிட்ட குடும்பங்கள் உண்டு. அவ்வாறு இட்டால் அடுத்தது ஆண்மகவாகும் என்பது அவர்தம் எண்ணம். இதற்குச் சைவ நூல்களில் இடமில்லை. பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்குந்தோறும், நீ வேண்டப்படாதவள் என்று அக்குழந்தையின் செவியில் ஓதுவது அப்பெயர். அதனைக் கேட்டுக் கேட்டு வளரும் உள்ளம் என்னாகும்? மருள் நீங்குக என்று வேண்டிப் பெயரிட்ட பெற்றோர் எங்கே, மகளே வேண்டாம் என்று பெயரிடும் பெற்றோர் எங்கே!

அன்பர்களே, உங்கள் இல்லத்திலோ சுற்றத்திலோ அத்தகைய பெயருடைய பெண் எவரேனும் இருப்பின், அவரிடம் சென்று பேசுங்கள். அவர் விரும்பினால் பெயரை மாற்றிக்கொள்ள உதவுங்கள். அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட வழியுண்டு. பிற்காலத்தில் வந்த பெயரும் பெருமையுடையதே என்பதற்கு நாவுக்கரசரே சான்று. இனிப் பிறக்கும் மகவுக்குப் பெயரிடும்பொழுது, ஒலியின் புதுமையை மட்டும் நாடாமல், பொருளைக் கேட்டறிந்து இடுங்கள். பாட்டியின் நாவில் எளிதில் வரவேண்டும். வளர்ந்தபின் அக்குழந்தை பொருளறிந்து மகிழவேண்டும். திலகவதி, புனிதவதி, மங்கையர்க்கரசி எனப் பெருமக்கள் திருப்பெயர்கள் நமக்கு உள்ளன.

ஒரு நாமமும் ஓர் உருவமும் இல்லாத இறைவனே, நாம் அழைத்து உய்யும்பொருட்டு ஆயிரம் திருநாமங்களை ஏற்றருளுகின்றான். நம் குழந்தைக்கு ஒரு நல்ல பெயர் தருதல் நமக்கு அரிதாமோ? அப்பர் பெருமான் திருவடி வாழ்க.

திருச்சிற்றம்பலம்.