வாசலோடு திரும்பிப் போன சகோதரி

(தன்னார்வலர்களின் மாதக் கூட்டத்தில், மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)





இன்று நாங்கள் பேச வந்திருக்கும் விஷயம் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். அல்லாஹ்வின் இல்லத்துக்குப் பக்கத்தில் அமர்ந்து இதைப் பேசலாமா என்றும் சிலர் நினைக்கலாம். ஆனால் இதைப் பேசாமல் விட்டதால் ஒரு சகோதரியின் உயிருக்கே ஆபத்து வந்தது. அதில் எங்கள் பங்கும் இருந்தது. ஆகவே பேசித்தான் ஆக வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு பெண் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய பெயர், ஊர், வயது எதையும் சொல்ல மாட்டோம். அவர் எச்.ஐ.வி.க்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை மாவட்டத் தலைநகரில் உள்ள ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய் வர வேண்டும். மாத்திரை இலவசம்தான். பஸ் செலவுக்கும் அன்றைக்கு இழக்கும் வருமானத்துக்கும்தான் அவர் உதவி கேட்டார். நாங்கள் வழக்கம்போல விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தோம். அதில் கணவர் பெயர், தொழில் என்ற கட்டங்களோடு, மஹல்லா ஜமாஅத்தின் நன்னடத்தைக் கடிதம் இணைக்க வேண்டும் என்ற வரியும் இருந்தது. தொழில் என்ற கட்டத்தை அவர் காலியாக விட்டிருந்தார். மேஜையில் இருந்தவர், நல்ல எண்ணத்தோடுதான், "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று நான்கு பேர் முன்னால் கேட்டார். அந்தப் பெண் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை.

சில மாதங்கள் கழித்து, நோயாளிகளைப் பார்க்கப் போன நம் சகோதரிகள் அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் அவரைக் கண்டார்கள். நான்கு மாதமாக மாத்திரை எடுக்கவில்லை. எலும்பும் தோலுமாகக் கிடந்தார். அல்ஹம்துலில்லாஹ், இப்போது தேறி வருகிறார். அன்று அவர் நம் சகோதரிகளிடம் கேட்டது ஒன்றுதான்: "ஜமாஅத்தில் போய் என்னவென்று சொல்லிக் கடிதம் கேட்பேன், அக்கா?"

அவர் பாலியல் தொழிலில் இருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பஸ் செலவு கொடுக்க அந்த விவரம் எதற்கு?

சகோதரர்களே! இந்தியாவில் இந்த நோயின் வரலாறே நம் ஊர்ப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவர்களில் பலர் அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தவர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தபோது சிலருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதுதான்.

அந்தப் பெண்கள் இரத்தம் கொடுத்ததால்தான் நாடு விழித்துக்கொண்டது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது என்ன? நோய் இருப்பதாகத் தெரிந்த பெண்களை வெளியே விடாமல் காப்பகத்திலேயே அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் வழக்குத் தொடுத்த பிறகு, 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவிக்க உத்தரவிட்டது. நோயைப் பரப்புகிறவர்கள் என்று அந்தப் பெண்களை ஊர் பழித்தது. அவர்களுக்கு அந்த நோயைக் கொடுத்த ஆண்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த ஆண்களுக்கு வீடு உண்டு, மனைவி உண்டு, மரியாதையும் உண்டு.

அடைத்து வைத்தோ அவமானப்படுத்தியோ இந்த நோயைத் தடுக்க முடியாது. எப்படித் தடுக்க முடியும் என்பதற்குக் கொல்கத்தாவின் சோனாகாச்சி ஓர் உதாரணம். 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா அங்கே பணி தொடங்கினார். வெளியிலிருந்து உபதேசிகளைக் கொண்டுவராமல், அந்தத் தொழிலில் இருந்த பெண்களையே சுகாதார ஊழியர்களாகப் பயிற்றுவித்தார். அவர்களே வீடு வீடாகப் போய் ஆணுறை கொடுத்தார்கள், கிளினிக்குக்கு அழைத்து வந்தார்கள், வாடிக்கையாளரிடம் உறுதியாகப் பேசக் கற்றுக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் ஆணுறை பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. சில ஆண்டுகளில் அது எண்பதைத் தாண்டியது.

அங்கே கற்ற இன்னொரு பாடம் நமக்கு நேராகப் பொருந்தும். "கந்துவட்டிக்காரரிடம் கடன் இருக்கும்போது, ஆணுறை இல்லாமல் வருகிறவனை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?" என்பதுதான் அந்தப் பெண்களின் நிலையாக இருந்தது. அதனால் 1995இல் 'உஷா' என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆனால் பதிவு செய்யப் போனபோது, நன்னடத்தை உள்ளவர்கள்தான் உறுப்பினராகலாம் என்ற விதி குறுக்கே நின்றது. அவர்கள் போராடி அந்தத் தடையை நீக்கினார்கள். சேமிப்பும் கடன் வசதியும் வந்த பிறகு, வேண்டாம் என்று சொல்லும் பலம் அவர்களுக்கு வந்தது.

நன்னடத்தை! அதே சொல்தான் நம் படிவத்திலும் இருந்தது. அங்கே 1995இல் நீக்கிய தடையை நாம் சென்ற ஆண்டு வரை மேஜையில் வைத்திருந்தோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வோம். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் பெறாமல் பரிசோதனை செய்யக் கூடாது. ஒருவருக்கு நோய் இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது. வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு எதிலும் அவரை ஒதுக்கக் கூடாது. கொரோனா காலத்தில், 2020இல், பாலியல் தொழிலாளர்களிடம் அடையாளச் சான்று கேட்காமல் உலர் உணவுப் பொருள்கள் வழங்குமாறு மாநில அரசுகளுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 மே 19 அன்று அதே புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில், காவல்துறை அவர்களைக் கண்ணியத்தோடு நடத்த வேண்டும், ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்றும் சொன்னது. தொழிலை வெளிக்காட்டாமல் ஆதார் அட்டை பெறவும் வழி செய்தது. ஆகவே அந்தப் பெண் நம்மிடம் கேட்டது பிச்சை அல்ல. மருந்தும் மரியாதையும் அவருடைய உரிமை.

இங்கே ஒரு கேள்வி வரும். வந்திருக்கிறது. "ஹராமான தொழிலில் இருப்பவருக்கு ஜமாஅத்தின் பணத்தில் உதவி செய்தால், அந்தத் தொழிலுக்குத் துணை போனதாகாதா?"

நேர்மையான கேள்வி. எங்கள் பதில் இது. விபச்சாரம் ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அந்த மார்க்கச் சட்டத்தில் ஓர் எழுத்தையும் நாங்கள் மாற்றவில்லை. ஆனால் அதே மார்க்கம்தான், பெண்களை இதில் வற்புறுத்தித் தள்ளுகிறவர்களைக் கண்டித்துவிட்டு, வற்புறுத்தப்பட்டவர்களுக்கு அல்லாஹ்வின் மன்னிப்பும் கருணையும் உண்டு என்று சொல்கிறது. அந்நூர் அத்தியாயத்தின் 33ஆம் வசனத்தை வீட்டில் எடுத்துப் பாருங்கள். தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்த ஒரு விபச்சாரப் பெண் மன்னிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கே அந்த நற்பேறு என்றால், மாத்திரைக்குப் பஸ் செலவு கேட்டு வந்தவரை விசாரணை செய்ய நாம் யார்?

சிலர் வறுமையால், சிலர் ஏமாற்றப்பட்டு, சிலர் பிள்ளைகளை வளர்க்க வேறு வழி தெரியாமல் இதில் இருக்கிறார்கள். தானாக முடிவு செய்து வந்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் நோய் ஒரே நோய்தான். தொழிலை விட்டால்தான் மருந்து என்று நிபந்தனை போட்டால், அவர்கள் தொழிலை விட மாட்டார்கள், மருந்தைத்தான் விடுவார்கள். எங்கள் கண் முன்னால் நடந்தது அதுதான். தினமும் தவறாமல் மாத்திரை எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியாக நோய் பரவுவதில்லை என்று மருத்துவம் உறுதியாகச் சொல்கிறது. ஆகவே அவருடைய மாத்திரை அவரை மட்டுமல்ல, நமக்குத் தெரியாத எத்தனையோ வீடுகளில் இருக்கும் பெண்களையும் காக்கிறது.

இன்னொன்று. ஒரே தட்டில் சாப்பிடுவதால், கை கொடுப்பதால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதால் எச்.ஐ.வி. பரவாது. இந்நோயோடு மௌத்தானவர்களைக் குளிப்பாட்டப் பல இடங்களில் ஆள் முன்வராத நிலை இருக்கிறது. எந்த மய்யித்தாக இருந்தாலும் கையுறை அணிந்து, காயம் இருந்தால் கவனமாக மூடிக் குளிப்பாட்டினால் போதும். கஃபனும் ஜனாஸாத் தொழுகையும் யாருக்கும் மறுக்கப்படக் கூடாது.

நிர்வாகக் குழுவோடு பேசி நாங்கள் எடுத்த முடிவுகளைச் சொல்லி முடிக்கிறோம்.

மருத்துவ உதவிப் படிவத்திலிருந்து கணவர் பெயர், தொழில், ஜமாஅத் கடிதம் மூன்றும் நீக்கப்பட்டுவிட்டன. மருத்துவமனைச் சீட்டைக் காட்டினால் போதும், நகல் எடுக்க மாட்டோம். பெண்கள் தனி அறையில் ஒரு சகோதரியிடம் மட்டும் பேசுவார்கள். மருத்துவ உதவி பெறுவோரின் புகைப்படம் இனி இந்த இதழில் வராது. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மைய ஆலோசகரை அழைத்து, நம் தன்னார்வலர்களுக்கும் மய்யித் குளிப்பாட்டும் குழுவினருக்கும் வகுப்பு நடத்தச் செய்வோம், இன்ஷா அல்லாஹ். வேறு பிழைப்புக்குப் போக விரும்பும் பெண்ணுக்குத் தையல் இயந்திரமோ வட்டியில்லாக் கடனோ உண்டு. ஆனால் அது அவர் கேட்டால் மட்டும். மருந்துக்கு உதவ அது நிபந்தனை அல்ல. விவரம் வேண்டுவோர் 1097 என்ற இலவச உதவி எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. மேஜைக்கு வருகிறவரிடம் உதவிக்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள். தெரியவந்த விஷயத்தை வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். அடியானின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பதை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அதைச் செய்து காட்ட வேண்டிய இடம் நம் மேஜைதான்.

அந்தச் சகோதரி இப்போது மாதந்தோறும் வருகிறார். எங்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அல்லாஹ்வும் எங்களை மன்னிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.