பெயர் ஒன்று, சரக்கு வேறு



பழைய தில்லியில் ஃபதேபூரி மசூதியை ஒட்டித் தொடங்குகிறது காரி பாவ்லி சந்தை. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே நடந்தால் மூலிகை மொத்த வியாபாரிகளின் கடைகள் வரும். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிராம் கணக்கில் வாங்குகிற அதிமதுரமும் திப்பிலியும் அமுக்கராவும் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். 'பச்' என்று கேட்டால் வசம்பை எடுத்துக் கொடுப்பார்கள். விரல் பருமன், பழுப்பு நிறம், கணுக்கணுவாக வளையங்கள், ஒடித்தால் குப்பென்று ஒரு காரமான வாசனை. எந்தச் சாக்கில் கைவிட்டாலும் பார்வைக்கு ஒரே சரக்குதான்.

ஆனால் வசம்பில் பிறவியிலேயே வகைகள் உண்டு. ஒரு வகையின் செல்லில் 24 குரோமோசோம்கள் இருக்கும், இன்னொன்றில் 36, மற்றொன்றில் 48. பீட்டா அசரோன் என்றொரு பொருள் வசம்பு எண்ணெயில் எவ்வளவு இருக்கும் என்பது இந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. 24 உள்ள செடியில் அது இல்லவே இல்லை. 36 உள்ளதில் கொஞ்சம் இருக்கும். 48 உள்ளதில் எண்ணெயின் பெரும்பகுதியே அதுதான். சிலவற்றில் முக்கால் பங்கையும் தாண்டும். நம் நாட்டில் 36, 48 இரண்டு வகைகளுமே விளைகின்றன.

இது ஏதோ ஆய்வுக்கூடத்து நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது. 1960களில் பீட்டா அசரோன் மிகுந்த ஜம்மு வசம்பின் எண்ணெயைத் தீவனத்தில் கலந்து எலிகளுக்கு நெடுநாள் கொடுத்துப் பார்த்தார்கள். குடலில் கட்டிகள் வந்தன. 1968இல் அமெரிக்கா உணவுப் பொருள்களில் வசம்பு சேர்ப்பதையே தடை செய்தது. அமெரிக்க மண்ணில் இயல்பாக விளைவதோ 24 குரோமோசோம் வசம்பு; அதில் பீட்டா அசரோனே கிடையாது. ஒரு வகையின் குற்றத்துக்கு எல்லா வகையும் சேர்ந்து தண்டனை பெற்றது. 'நம் பாட்டிமார் கொடுத்ததுதானே' என்று எல்லா வசம்பையும் நல்லதென்று நாம் நம்புகிறோமே, அதுவும் இதே தவறுதான்.

சீந்தில் கதை வேறு மாதிரி. கொரோனா காலத்தில் தில்லியில் 'கிலோய்' என்ற அதன் இந்திப் பெயரைச் சொல்லாத வீடு குறைவு. பால்கனித் தொட்டியில் கொடி வளர்த்துக் கஷாயம் குடித்தார்கள். கல்லீரல் பாதிப்பு பற்றிய செய்திகள் வந்ததும், மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2022 பிப்ரவரியில் ஓர் அறிவுரை வெளியிட்டது: மருந்துக்கு உரிய சீந்திலின் தண்டு பச்சையாக இருக்கும், அதில் முண்டுகள் இருக்காது, பாலும் வடியாது. சாம்பல் நிறத் தண்டில் முண்டு முண்டாக இருந்து பால் வடிந்தால் அது அதே குடும்பத்து வேறு செடி. இலை இரண்டிலும் இதய வடிவம்தான். பச்சைக் கொடியாக இருக்கும்போது கண்ணால் பிரித்துவிடலாம்; காய்ந்து தூளான பிறகு யாரால் முடியும்?

துளசியும் இப்படித்தான். ஒரு செடியின் எண்ணெயில் கிராம்பு வாசனை தரும் யூஜெனால் ஓங்கியிருக்கும். பக்கத்துச் செடியில் வேறொன்று ஓங்கியிருக்கும். மண்ணும் பருவமும் பறிக்கும் காலமும் வேறு சேர்ந்துகொள்ளும்.

இந்த வேறுபாடுகளைக் காப்பாற்றி வைக்கும் இடமும் தில்லியிலேயே இருக்கிறது. பூசா வளாகத்தில் உள்ள தேசியத் தாவர மரபு வள நிறுவனம் விதைகளை மைனஸ் 18 டிகிரியில் பாதுகாக்கிறது. விதையாகச் சேமிக்க முடியாதவற்றைக் கண்ணாடிக் குழாய்களில் திசு வளர்ப்பாக வைத்திருக்கிறார்கள். பூசாவில் இத்தனை கவனமாகப் பிரித்து வைக்கப்படுவது காரி பாவ்லிக்கு வரும்போது ஒரே சாக்கில் கலந்துவிடுகிறது. எந்த இனம், எந்த ஊரில் விளைந்தது, எப்போது பறித்தது என்ற சீட்டு ஒவ்வொரு மூட்டையோடும் வர வேண்டும். மொத்த வியாபாரிகள் மனம் வைத்தால் இது ஆகாத காரியமல்ல.

நேயர்களே, வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் வைத்த ஊர் நம்முடையது. சித்த மருத்துவர்கள் அதைச் சுட்டுக் கரியாக்கி, சுத்தி செய்துதான் பயன்படுத்துவார்கள். ஆகவே, கடையில் வாங்கிய வசம்பை நீங்களாகவே உரசிக் கைக்குழந்தையின் நாக்கில் தடவாதீர்கள். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சீந்தில் வேண்டுமென்றால் தூளாக வாங்காமல் தண்டாக வாங்கி, முண்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.