யாமத்துக்கு ஒரு வில்லை



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் 'கவிதையும் காட்சியும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு செயலாளர் பணித்தார். உவமை, உள்ளுறை, இறைச்சி ஆகியவை பற்றிப் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பற்றி இம்மேடையில் என்னினும் வல்லார் பலர் பேசிவிட்டனர். நான் ஒரு கண்ணாடித் துண்டைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

சிங்கப்பூரில் பணியாற்றித் திரும்பிய என் மாமனார் விட்டுச் சென்ற பொருள்களுள் ஒரு பழைய கெனான் காமிரா உண்டு. அதன் முகத்தில் திருகி மாட்டப்பட்ட வில்லை, கைக்கு அடங்கும் அளவினதே. எனினும் தூக்கினால் கனக்கும். அதன் விளிம்பில் 50 மி.மீ., 1:1.2 என்று பொறித்திருக்கிறது. அந்த எண்ணின் பொருளை அறிய முற்பட்டபோது தொல்காப்பியரிடம் வந்து சேர்ந்தேன் என்றால் நீங்கள் நகைக்கக் கூடும். சற்றுப் பொறுத்தருள்க.

அகத்திணையில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பொழுதைத் தேர்வுக்குரிய பட்டியலாக மட்டும் மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்துக் கடந்துவிடுகிறோம். அப்பட்டியலை ஒரு படப்பிடிப்பாளரின் கண்ணோடு பாருங்கள். முல்லைக்கு மாலை. குறிஞ்சிக்கு யாமம். மருதத்துக்கு வைகறை. நெய்தலுக்கு எற்பாடு, அச்சொல்லுக்கு ஞாயிறு படும் நேரம் என்று பொருள் கொண்டாலும், எழும் நேரம் என்று கொண்டாலும், ஒளி குறைந்த நேரமே. பாலை ஒன்றுக்குத்தான் நண்பகல். ஐந்து திணைகளுள் நான்கு, மங்கலிலும் இருளிலும் நிகழ்கின்றன. வெயில் முழுதாய் அடிக்கும் ஒரே திணை பிரிவின் திணை. காதலும் காத்திருத்தலும் ஊடலும் இரங்கலும் வெளிச்சத்துக்கு முன்னும் பின்னுமே நடக்கும் என்று வகுத்தவர்கள் நம் முன்னோர். சேயோனுக்குரிய குறிஞ்சி நிலத்துக்கு அவர்கள் கொடுத்த பொழுது நள்ளிரவு. தணிகை மலையின் அடியில் வாழும் நமக்கு இது வெறும் இலக்கணம் அன்று.

புகைப்படக் கலையோ நண்பகலிலே பிறந்த கலை. நெடுங்காலம் அது பாலைத் திணையை மட்டுமே பாட வல்லதாயிருந்தது. மற்றைப் பொழுதுகளில் படம் எடுக்க வேண்டுமாயின் மக்னீசியப் பொடியைக் கொளுத்த வேண்டும். கண்ணைப் பறிக்கும் ஓர் ஒளி, அதன் பின் கூடம் நிறையப் புகை. நாம் புகைப்படம் என்கிறோம். ஈழத்தார் ஒளிப்படம் என்பர். பழைய தலைமுறையினர் நிழற்படம் என்றனர். பொடி கொளுத்திய நாள்களை எண்ணும்போது, மூன்றினுள் புகைக்கே உரிமை மிகுதி என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பின்னர் மின்வெட்டு விளக்கு வந்தது, புகை போயிற்று, பறிக்கும் ஒளி மட்டும் நின்றது.

இதற்கு மாற்றாக எழுந்ததே நான் சொல்ல வந்த வில்லை. ஆங்கிலத்தார் இதை வேகமான லென்ஸ் என்பர். லென்ஸ் எங்கும் ஓடுவதில்லை. ஆகவே அகல்வாய் வில்லை என்பேன். கணக்கு எளிது. குவியத் தொலைவை, ஒளி புகும் வாயின் விட்டத்தால் வகுத்தால் வருவதே அந்த எண். 50 மி.மீ. வில்லையில் எண் 3.5 எனில் வாய் ஏறத்தாழ 14 மி.மீ.; 1.2 எனில் ஏறத்தாழ 42 மி.மீ. விட்டம் மும்மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்காக வேண்டும். துல்லியமாகப் பார்த்தால் எட்டரை மடங்கு ஒளி உட்புகும். முன்னதில் கால் நொடி தேவைப்படும் படத்தைப் பின்னதில் 1/30 நொடியில் எடுத்துவிடலாம். கால் நொடிக்குள் கை நடுங்கும். எதிரில் இருப்பவர் மூச்சு விடுவார். 1/30 நொடி, பழகிய கைக்கு எட்டும் நேரம்.

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் ஆஸ்கர் பார்னாக் உருவாக்கிய லைக்கா 1925இல் விற்பனைக்கு வந்தபோது அதன் வில்லை 3.5தான். 1930இல் வில்லையைக் கழற்றி மாற்றும் திருகுமரை வந்தது. அதன் விட்டம் 39 மி.மீ. 1932இல் தொலைவு காணும் கருவியும் உடம்புக்குள்ளேயே அமைந்தது. இதை நான் விரும்பிச் சொல்வேன். காமிராவின் நெற்றியில் இரண்டு சிறு சாளரங்கள். கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். வில்லையைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று படியும். படிந்த இடமே தெளிவு. இருளிலும் ஒரு சுடரோ கண்ணின் மின்னலோ இருந்தால் போதும், படிய வைத்துவிடலாம்.

அகல்வாய்க்கு வழிகாட்டியவர் லுட்விக் பெர்டெலே. 1924இல் வந்த எர்மனாக்ஸ் காமிராவுக்கு 2 என்னும் எண்ணுடைய எர்னோஸ்டாரை வகுத்தவர் அவரே. அக்காமிராவை ஒளித்து எடுத்துச் சென்று நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் விளக்கின்றிப் படம் பிடித்தவர் எரிக் சாலமன். யூதரான அவர் 1944இல் அவுஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். பெர்டெலே 1932இல் கான்டாக்ஸ் காமிராவுக்காக 1.5 சோனாரை வகுத்தார். ஏழு கண்ணாடிகளை ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கினார். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு முகத்திலும் ஒளியில் நான்கைந்து விழுக்காடு எதிரொளித்து வீணாகும். சந்திப்பு குறையக் குறைய மங்கல் குறையும். ஒற்று மிகாமல், சீர் பிரியாமல், சொல்லைச் சொல்லோடு இறுக்கும் யாப்பறிந்தவர்க்கு இந்த உத்தியை விளக்க வேண்டியதில்லை. இழப்பைத் தடுக்கும் மேற்பூச்சை அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935இல்தான் கண்டார்.

போருக்குப் பின் களம் ஜப்பானுக்கு மாறிற்று. லைக்காவின் 39 மி.மீ. மரையையே ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் ஏற்றன. 'லைஃப்' இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன் 1950இல் தோக்கியோவில் நிக்கார் வில்லைகளைக் கண்டு வியந்து, அவற்றைத் தம் லைக்காவில் திருகிக்கொண்டு கொரியப் போர்முனைக்குச் சென்றார். அவ்வாண்டின் இறுதியில் நியூயார்க் நாளிதழில் செய்தி வந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. அதன்பின் ஒரு போட்டி. 1950இல் நிக்கார் 1.4, 1953இல் சுனோவ் 1.1; 1954இல் ஃபுஜினான் 1.2, 1956இல் கெனான் 1.2, அதே ஆண்டில் நிக்கார் 1.1. இறுதியாக 1961இல் கெனான் 0.95. இதன் உடல் திருகுமரைக்குள் அடங்காமல், வெளிவளையத்தில் பூட்டப்பட்டது. மனிதக் கண்ணைவிட நான்கு மடங்கு ஒளி மிக்கது என்று விளம்பரம் செய்தார்கள். உயர்வு நவிற்சி அணி நமக்கு மட்டும் உரியதன்று!

இவ்வளவு பாடு எதற்கு? நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும்.

1946இல் மார்கரெட் போர்க்-வைட் காந்தியடிகளை இராட்டையோடு படம் எடுக்கச் சென்றபோது, முதலில் நூற்கக் கற்றுக்கொண்டு வரச் சொன்னார்கள். அடிகளுக்கு அன்று மௌன நாள். மூன்றே மூன்று மின்பல்புகளுக்கு மட்டும் இசைவு கிடைத்தது. அவற்றுள் ஒன்றில்தான் உலகறிந்த அந்தப் படம் அமைந்தது. அப்பெண்மணியின் ஆற்றலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1948 ஜனவரி 30 இரவு, பிர்லா மாளிகையில் அடிகளின் உடல் கிடத்தப்பட்டிருந்த அறையில் அவர் விளக்கை வெட்டிப் படம் எடுத்தபோது சூழ்ந்திருந்தோர் சினந்தனர். படச்சுருளை வெளியே இழுத்து ஒளியில் காட்டி அழித்து, அவரை வெளியேற்றினர். அதே இரவில், அதே மாளிகையில், ஆன்றி கார்த்தியே-பிரெசோன் சிறிய லைக்காவோடு இருந்தார். வாயிலில் உயர்ந்து நின்று நேரு துயரச் செய்தியைக் கூறும் படம் அவருடையது. ஒரு விளக்கின் ஒளி, அசைந்து குழம்பிய முகங்கள், பெரும்பகுதி இருட்டு. இலக்கணப்படி பார்த்தால் பிழை மலிந்த படம். அந்த இரவு எப்படி இருந்தது என்று கேட்பவர்க்கு நான் அதைத்தான் காட்டுவேன். இருக்கும் ஒளிக்கு மரியாதை செய்வதற்காகவே மின்வெட்டு விளக்கை ஒதுக்குவதாக 1952இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார்.

அவர் தமிழகத்துக்கும் வந்தவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் இறுதி நாள்களைப் படம் பிடித்தார். ஏப்ரல் 14 இரவு 8.47க்கு மகரிஷி மறைந்த வேளையில், அருணாசலத்தை நோக்கி வானில் ஒளிப்பிழம்பு ஒன்று நகர்ந்ததைத் தங்கியிருந்த இடத்திலிருந்து கண்டு நேரம் குறித்துக்கொண்டார். பிடிக்க இயலாத அவ்வொளியைச் சொல்லால் சொன்னார். அவ்விடத்தில் அவரும் நம் வட்டத்து உறுப்பினரே.

என் ஆயா மறைந்தபோது எனக்கு ஒன்பது வயது. இரவு. தலைமாட்டில் காமாட்சி விளக்கு. அக்கால வழக்கப்படி நாடி கட்டி, நாற்காலியில் சாய்த்து அமர்த்திப் படம் எடுக்க ஆள் வந்தார். விளக்கு வெட்டியபோது, அதுவரை விசும்பிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு நொடி நின்றனர், ஒரு குழந்தை வீறிட்டது, ஒப்பாரி அறுந்தது. மீண்டும் எடுக்க யாருக்கும் அடி வரவில்லை. அந்தப் படம் இன்றும் இருக்கிறது. சுவரில் ஆயாவின் நிழல் கரிக்கட்டியாய் அப்பியிருக்கிறது. முகம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளிறியிருக்கிறது. தலைமாட்டு விளக்கு எரிந்ததற்கான அடையாளமே தெரியவில்லை. வந்தவரைக் குறை சொல்ல மாட்டேன்; அவரிடம் இருந்த கருவி அவ்வளவே. ஆயாவின் முகத்தை அன்று நான் விளக்கொளியில்தான் பார்த்தேன். அந்த முகம் எந்தத் தாளிலும் இல்லை.

அகல்வாய் வில்லை கேட்கும் விலையையும் சொல்ல வேண்டும். காசைச் சொல்லவில்லை, அதுவும் மிகுதிதான். வாய் அகல அகலத் தெளிவின் ஆழம் குறையும். ஒரு மீட்டர் தொலைவில் உள்ளவரை 3.5இல் எடுத்தால் ஏறத்தாழ 8 செ.மீ. ஆழம் வரை தெளிவாக விழும். 1.2இல் எடுத்தால் இரண்டே முக்கால் செ.மீ. கண் இமை தெளிந்தால் காது கரைந்துவிடும். எல்லாம் தெரிய வேண்டும் என்னும் ஆசையை விட்டாக வேண்டும். இருளில் நின்றுகொண்டு, எது ஒன்று தெளிய வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். நம் இளங்கவிஞர்கள் பலர், குறிப்பாக இவ்வட்டத்தின் மாதக் கூட்டங்களில் வாசிப்பவர்கள், ஒரே கவிதையில் நிலவையும் வறுமையையும் தேர்தலையும் தாயையும் சம அளவு தெளிவாக நிறுத்தப் பார்க்கிறார்கள். அவர்கள் எரிப்பது மின்வெட்டு விளக்கு. கபிலரும் ஔவையும் இரண்டே முக்கால் செ.மீ. ஆழத்தில் எழுதியவர்கள்.

இப்பழைய வில்லைகளுக்குக் குறைகளும் உண்டு. வாயை முழுதும் திறந்தால் ஒளிப்புள்ளிகளைச் சுற்றி மெல்லிய பரிவேடம் படரும். கோளப் பிறழ்ச்சி என்று இயற்பியலார் சொல்வர். இன்றைய வில்லைகள் அதைத் திருத்திவிட்டன. கெனானில் நான் எடுத்த அகல்விளக்குப் படங்களில் சுடரைச் சுற்றி அந்த வளையம் இருக்கிறது. அழுது முடித்த கண்ணுக்கு விளக்கு அப்படித்தான் தெரியும் என்பதால் அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் இத்தகைய வில்லை வைத்திருப்போர் ஓரிருவர் இந்த அவையில் இருக்கலாம் என்பதால் ஒன்று சொல்கிறேன். நம் மழைக்காலத்து ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். சிலந்தி வலைபோல் கிளைக்கும். தோல் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்; வாரம் ஒரு முறை வெளிச்சத்தில் எடுங்கள். வேட்டி முனையாலும் முந்தானையாலும் துடைக்கவே கூடாது. 1950களின் மேற்பூச்சு மிக மென்மையானது, கீறல் விழுந்தால் போகாது. இவ்வில்லைகளை இன்றைய எண்முறைக் காமிராக்களிலும் இடைவளையம் கொண்டு மாட்டலாம்.

வருகிற டிசம்பர் 31 இரவு, தணிகை மலையின் 365 படிகளிலும் திருப்புகழ் பாடி அன்பர்கள் ஏறுவார்கள். படிக்குப் படி கற்பூரம் ஏற்றுவார்கள். வில்லை உள்ளவர்கள் அதைக் கொண்டு வாருங்கள். விளக்கை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கீழிருந்து மேல்நோக்கி எடுக்க வேண்டாம். மின்கம்பத்து விளக்குகள் படத்தைத் தின்றுவிடும். இரண்டு படி மேலே ஏறி நின்று, குனிந்து கற்பூரம் ஏற்றும் ஒருவரின் முகத்தில் அந்த இரண்டு பிம்பங்களையும் படிய வையுங்கள். அவருக்கு நீங்கள் எடுத்தது தெரியாது. அவர் அடுத்த படிக்குப் போய்விடுவார்.