கடுக்காயின் துணை



இயற்கைச் சாயமேற்றிய பருத்தி ஆடையை மிகுந்த விலை கொடுத்து வாங்குகிறோம். இரண்டு சலவையில் நிறம் போய்விட்டால், செடியின் சாயமே நிலையற்றது என்கிறோம். குற்றம் பெரும்பாலும் சாயத்தினுடையதன்று. சாயமேற்றுமுன் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமையே காரணம்.

பட்டையும் கம்பளியையும் போலப் பருத்தி சாயத்தை எளிதில் பற்றாது. இருப்புப்பாதை எழுத்தராகிய எமக்குத் தெரிந்த உவமை ஒன்று கூறுவோம். இரண்டு பெட்டிகள் சேர்ந்தோட இடையில் கொக்கி வேண்டுமன்றோ? அவ்வாறு நூலையும் சாயத்தையும் இணைப்பதை நிறமூன்றி என்பர். கடுக்காயின் துவர்ப்புச் சத்து பருத்தியில் படியும். பின்னர் இடும் படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும். படிகாரம் சாயத்தைப் பிடிக்கும்.

சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் கடுக்காயையும் எருமைப்பாலையும் சேர்த்துத் துணியைப் பதப்படுத்தியதை, கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1742ஆம் ஆண்டிலேயே கடிதத்தில் விவரித்துள்ளார். ஐரோப்பா விரும்பி வாங்கிய சித்திரத் துணிகள் இவ்வாறு பிறந்தவையே.

படிகாரம் கனிப்பொருள். அதுவும் செடியிலிருந்தே வேண்டுமென்பார்க்கும் வழியுண்டு. திருமாலின் நிறத்திற்குப் புலவர் உவமை கூறும் காயாம்பூவின் மரம், படிகாரத்திலுள்ள அலுமினியத்தைத் தன் இலையில் சேர்த்து வைக்கிறது. பாய்க்குச் செந்நிறம் ஏற்றுவோர் அவ்விலையைச் சாயத்தோடு சேர்த்தனர். வெள்ளிலோத்திரப் பட்டையும் அத்தகையதே.

இல்லத்தில் செய்து பார்க்க விரும்பும் தாய்மார்களுக்கு முறை கூறுவோம். 100 கிராம் துணியைச் சலவைச் சோடா இட்ட நீரில் கொதிக்கவைத்து, மெழுகும் கஞ்சியும் நீங்க அலசுக. 20 கிராம் கடுக்காய்த் தூள் கலந்த வெந்நீரில் ஓரிரவு ஊறவிட்டு, அலசாமல் பிழிந்து நிழலில் உலர்த்துக. அடுத்து 15 கிராம் படிகாரம் கரைத்த நீரில் ஊறவிட்டு உலர்த்துக. பின் இலேசாக அலசிச் சாயத்தில் இடுக. இரும்புப் பாத்திரம் ஆகாது. கடுக்காயும் இரும்பும் கூடினால் கருமை உண்டாகும். மஞ்சள் கிழங்கின் நிறம் மட்டும் எத்தனை பக்குவம் செய்தாலும் வெயிலில் வெளிறும்.

மைசூர்க் கடைகளில் 'அளலெகாய்' என்று கேட்டால் கடுக்காய் கிடைக்கும். ஊர் மாறினால் பெயர் மாறும், துவர்ப்பு மாறாது.

அன்பர்களே! முறையாகப் பதப்படுத்துபவர் சாயத் தொட்டியை அணுகுமுன் பல நாள் உழைக்கிறார். வெறுமனே தோய்த்து விற்பவருக்கும் அவருக்கும் ஒரே விலை கொடுத்தால், நல்ல தொழிலாளியே முதலில் தொழிலை விடுவார். ஆதலின் இனி ஆடை வாங்கும்போது, என்ன சாயம் என்பதோடு எதைக் கொண்டு நிறமூன்றினீர் என்றும் கேட்போமாக.