மனநோய்க்கு யாரிடம் போவது? உளவியல் மேற்படிப்புக்கு நம் பிள்ளைகளை அனுப்புவோம்

(இளைஞர்களுக்கான கல்வி வழிகாட்டி முகாமில் மவ்லவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன்னால் பேசிய சகோதரர்கள் பொறியியல் பற்றியும் சி.ஏ. படிப்பு பற்றியும் சொன்னார்கள். என்னிடம் உளவியல் மேற்படிப்பை ஒப்படைத்திருக்கிறார்கள். ஏழு வருடம் மதரஸாவில் ஓதிய ஆளுக்கு சைக்காலஜியில் என்ன வேலை என்ற கேள்வி சிலர் முகத்தில் தெரிகிறது. அதற்குப் பதில் சொல்லிவிட்டே விஷயத்துக்கு வருகிறேன்.

பதினைந்து வருடத்துக்கு முன் நான் ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் இமாமாக இருந்தேன். ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன் மகனைக் கூட்டி வந்தார். வளைகுடாவிலிருந்து திரும்பிய பையன். இரவில் தூங்குவதில்லை. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது என்கிறான். தகடு, தாயத்து என்று அவர்கள் ஏற்கெனவே அலைந்துவிட்டார்கள். தாயத்தைக் கழற்றச் சொன்னேன். அதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அடுத்து நான் என்ன செய்தேன்? ஓதி ஊதினேன். தொழுகையைப் பேணச் சொன்னேன். "ஒரு கல்யாணத்தை முடித்து வையுங்கள், சரியாகிவிடும்" என்றும் சொன்னேன். முடித்து வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் பையனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். "தொடக்கத்திலேயே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது" என்று டாக்டர் சொன்னதை அந்த வாப்பா என்னிடமே வந்து சொன்னார். என்மீது கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை உடம்புக்கு மட்டும் என்று நாம் சுருக்கிக்கொண்டோம். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கி என்ற அறிஞர் உடலுக்கும் மனதுக்கும் சேர்த்தே ஒரு மருத்துவ நூல் எழுதினார். கோபம், அச்சம், துக்கம், ஓயாத வீண் எண்ணங்கள் என்று மனநோய்களைப் பிரித்து அதில் எழுதியிருக்கிறார். இதை எனக்கு மதரஸாவில் யாரும் சொல்லித் தரவில்லை. சூடானைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் மாலிக் பத்ரீ அந்நூலின் மனம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் கொண்டு வந்த பிறகுதான் நம்மில் பலருக்குத் தெரிந்தது.

ஏர்வாடியை மறந்துவிட்டீர்களா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. தர்காவை அண்டியிருந்த ஒரு தனியார் மனநல விடுதியின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. சட்டம் வந்துவிட்டது. சங்கிலியை அவிழ்த்த பிறகு அந்த நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவதற்கு ஆள் எங்கே?

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும் சிகிச்சையே கிடைக்காதவர்கள் 70 முதல் 92 சதவீதம் வரை. நம் தெருவில் கணக்கெடுத்தால் இதைவிடக் குறையும் என்று நான் நம்பவில்லை. நம் வீட்டுப் பெண்கள் ஆண் டாக்டரிடம் மனம் விட்டுப் பேசுவதில்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பெண் டாக்டரிடமும் பேசுவதில்லை.

இப்போது படிப்புக்கு வருவோம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே எம்.டி. படித்தவர். மருந்து எழுதுவார். உளவியலாளர் பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி., பிறகு எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. உளவியல் படித்தவர். சோதனைகள் வைத்துக் கோளாறைக் கணிப்பார், பேச்சின் வழியாகச் சிகிச்சை தருவார். மருந்து எழுத மாட்டார். ஆகவே நீட் தேர்வில் இடம் கிடைக்காத பிள்ளை வீட்டில் அழுதுகொண்டிருக்க வேண்டியதில்லை. இது அதே மருத்துவமனைக்குள் போகும் வேறொரு வாசல்.

ஆனால் எம்.ஏ. முடித்தவுடன் போர்டு மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவில்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறையும் உண்டு. அந்தப் பதிவுக்கு எம்.ஏ.வுக்கு மேல் இரண்டாண்டு எம்.ஃபில். என்பதுதான் நெடுங்காலமாக இருந்த வழி. அதற்கு எம்.ஏ.வில் 55 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. பிறகு கிளினிக்கல் சைக்காலஜிக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு நீட்டியது. வழி மாறுகிற காலம் இது. எந்தக் கல்லூரி என்ன விளம்பரம் செய்தாலும், அந்தப் படிப்பு கவுன்சிலின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். சரக்கின் தரம் பார்க்காமல் கொள்முதல் செய்யாத வியாபாரிகள், பிள்ளையின் படிப்பில் மட்டும் ஏன் ஏமாறுகிறீர்கள்? ஆறு மாத டிப்ளமோ, வார இறுதி சான்றிதழ் என்று கடை விரித்திருக்கிறார்கள். அதை வைத்து யாரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக முடியாது.

இன்னொன்று, நம் பெண்பிள்ளைகளை நேரடியாகப் பாதிப்பது. "வீட்டிலிருந்தே தபாலில் எம்.ஏ. சைக்காலஜி படிக்கட்டும்" என்று பல வாப்பாமார்கள் வைத்திருந்த திட்டம் இனி நடக்காது. உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று மானியக் குழு 2025இல் உத்தரவிட்டுவிட்டது. அந்த ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் இது நடைமுறை. இனி பிள்ளை கல்லூரிக்குப் போயாக வேண்டும். அனுப்புவதா இல்லையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கே அனுப்புவது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது. அலிகாரில் இருக்கிறது. டில்லி ஜாமியா மில்லியாவில் பயன்பாட்டு உளவியல் இருக்கிறது. நம் டெல்டாக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் பயன்பாட்டு உளவியல் எம்.எஸ்ஸி. உண்டு. கூத்தாநல்லூருக்குத் திருவாரூர் கூப்பிடு தூரம். தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் இந்த இரண்டுக்கும் கியூட் முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம், மார்ச்சில் தேர்வு. 75 வினாக்கள். சரியானதற்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிப்பு. உளவியல் வினாத்தாள் தமிழில் வராது. பட்டப்படிப்பின் கடைசி ஆண்டிலேயே எழுதலாம். நம் பிள்ளைகளோ மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு "எங்கே சேரலாம் ஹஜ்ரத்?" என்று வருகிறார்கள். கடை கட்டிய பிறகு வரும் வாடிக்கையாளருக்கு என்ன கொடுப்பது?

விண்ணப்பத்தில் நம்மவர்கள் சறுக்குவது மதிப்பெண்ணில் அல்ல, பெயரில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மத்', பாஸ்போர்ட்டில் 'மொஹமட்'. இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் வாப்பா பெயரே முழுதாக. ஆங்கிலத்தில் எழுதும்போது இது மூன்று வெவ்வேறு ஆட்களாகிவிடுகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றதை இந்த மாதமே திருத்துங்கள்.

இட ஒதுக்கீட்டிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 2007 முதல் நமக்கு இருக்கும் 3.5 சதவீதச் சான்றிதழ் மாநிலக் கல்வி நிறுவனங்களுக்கு. மத்தியப் பல்கலைக்கழகத்தில் அது செல்லாது. அங்கே 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். வணிகர்கள் கவனியுங்கள்: ஆண்டு வருமானம் 8 லட்சம் என்ற வரம்பு உண்டு, கடை வருமானம் அதில் சேரும். அந்தச் சான்றிதழை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். பழையதைக் கொண்டுபோய் நின்று திரும்பி வந்த பையனை எனக்குத் தெரியும்.

சில இடங்களில் நோக்கக் கட்டுரை கேட்பார்கள். இந்தப் படிப்பு ஏன், இந்தத் துறை ஏன் என்று ஓரிரு பக்கம் எழுத வேண்டும். என் லாத்தா மகள் எழுதியதை என்னிடம் காட்டினாள். "சிறுவயது முதலே மனிதகுலத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று தொடங்கியிருந்தாள். அடுத்த வரியில் ஃபிராய்டு வந்துவிட்டார். "உம்மா, இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், நீ கண்ணால் கண்டதை எழுது" என்றேன். எங்கள் தெருவில் பிரசவத்துக்குப் பிறகு பேச்சே நின்றுபோன பெண்களைப் பற்றி அவளுக்குத் தெரியும். "காற்று பட்டுவிட்டது" என்று வீட்டார் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லால் சிகிச்சை எத்தனை மாதம் தள்ளிப்போனது? இதைத்தான் படித்து ஆராய வேண்டும் என்று பெயர் எதையும் குறிப்பிடாமல் எழுதினாள். நான்காவது தடவையில் கட்டுரை சரியாக வந்தது. நேர்முகத்தில் அதிலிருந்துதான் கேள்வி கேட்டார்களாம். இன்று முதலாம் ஆண்டு முடித்திருக்கிறாள். மளிகைக்கடை வைத்திருக்கும் மச்சான் பி.எட். போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகள் படிப்பைப் பற்றியே பேச்சு.

அமெரிக்காவில் 2006இல் ஆப்பிள்பி என்ற பேராசிரியரும் அவருடன் இன்னொருவரும் உளவியல் துறைகளின் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: நல்ல மாணவரின் விண்ணப்பத்தைக் கெடுப்பது எது? தன் சொந்த மனநோயைப் பக்கம் பக்கமாகக் கொட்டுவது, அந்தத் துறையைப் பற்றி எதுவும் தெரியாமல் எழுதுவது, பிழைகள், தகாத ஆளிடம் வாங்கிய பரிந்துரைக் கடிதம் என்றெல்லாம் பதில் வந்தது. கடைசியில் சொன்னதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். போன வருடம் மூன்று பையன்கள் என் லெட்டர்பேடில் பரிந்துரை கேட்டு வந்தார்கள். எம்.எல்.ஏ. கடிதம் வாங்கித் தரவா என்று ஜமாஅத் செயலாளர் வேறு கேட்டார். அங்கே என் கடிதத்துக்கும் மதிப்பில்லை, எம்.எல்.ஏ. கடிதத்துக்கும் மதிப்பில்லை. உங்களுக்குப் பாடம் நடத்திய, உங்கள் ஆய்வுக் கட்டுரையைப் படித்த ஆசிரியர்தான் எழுத வேண்டும். அதற்கு முதலில் அவருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும். கடைசி பெஞ்சைக் காலி செய்யுங்கள்.

வெளிநாடு போக விரும்பும் தம்பிகளுக்கு ஒரு சொல். இங்கிலாந்தில் ஓராண்டில் எம்.எஸ்ஸி. முடியும். செலவு பெரிது. இங்கே திரும்பினால் கவுன்சில் பதிவு தானாகக் கிடைத்துவிடாது. அமெரிக்காவில் பட்டப்படிப்புக்குப் பிறகு நேரடியாகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும் முறை உண்டு. பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை நீக்கி உதவித்தொகையும் தருகின்றன. வட்டிக்கடனுக்கு அஞ்சும் வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். ஆனால் ஐந்தாறு வருட உழைப்பு, கடும் போட்டி. எந்தப் பேராசிரியரின் ஆய்வோடு உங்கள் கேள்வி பொருந்துகிறது என்பதையும் பார்ப்பார்கள். கெடு பெரும்பாலும் டிசம்பரில் முடியும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் வணிகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கு 2009இல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. அதைத் திரும்பக் கேட்டுப் போராடுவோம், அது நம் வேலை. ஆனால் போராட்டம் முடியும்வரை பிள்ளையின் வயது காத்திருக்குமா? நம் பைத்துல்மாலில் கல்யாண உதவிக்கும் கத்னாவுக்கும் கணக்குத் தலைப்பு இருக்கிறது. மேற்படிப்புக்கு இல்லை. கடைவீதியில் பத்துக் கடைகள் சேர்ந்தால் ஒரு மாணவியின் இரண்டு வருட விடுதிச் செலவு எளிதாக வந்துவிடும். படித்து வந்தபின் வாரம் ஒரு நாள் பள்ளிவாசல் மதரஸா அறையில் உட்கார்ந்து நம் பெண்களின் குறையைக் கேட்கட்டும். சாவியை நான் தருகிறேன்.

அதுவரைக்கும் வீட்டில் யாருக்காவது மனநிலை சரியில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசு 2022இல் தொடங்கியது, இலவசம், தமிழிலும் பேசலாம். என்னிடமும் வாருங்கள், துஆ செய்கிறேன். பிறகு ஆட்டோ பிடித்து உங்களை மாவட்ட அரசு மருத்துவமனைக்கு நானே கூட்டிப் போவேன்.

அஸருக்கு நேரமாகிவிட்டது. தொழுகை முடிந்ததும் பின்வரிசை மேசையில் இரண்டு தம்பிகள் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி ஆண்டு படிக்கும் பிள்ளைகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் அவர்களிடம் காட்டுங்கள். பெயர் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். வஸ்ஸலாம்.